டிரைவரில் ஒரு சமாளிப்பைச் சேர்க்கிறீர்களா? காரணத்தையும் எழுதி வையுங்கள்

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில், சாட்டா என்ற இணைப்பில் மாட்டும் டிஸ்க்குகளைக் கவனித்துக்கொள்ளும் பகுதிக்கு லிப்-ஏடிஏ என்று பெயர். அதற்குள் ஒரு நீளமான பட்டியல் இருக்கிறது. இந்த மாடல் வந்தால் இந்தக் கட்டளையை அனுப்பாதே, அந்த மாடல் சொல்லும் அளவை நம்பாதே என்று வரிசையாகப் போகும். அதில் ஃபுஜிட்சுவின் எம்எச்டி2060பிஎச் என்ற பழைய மடிக்கணினி டிஸ்க்குக்கு ஒரு வரி. அந்த டிஸ்க்கில் என்சிக்யூவை, அதாவது பல கட்டளைகளை ஒரே நேரத்தில் வரிசையில் வாங்கிவைக்கும் வசதியை, பயன்படுத்தாதே என்கிறது. ஏன்? மேலே இருக்கும் விளக்கம் வெறும் ஒரு இணைய முகவரிதான். அது ஜிமேன் என்ற மடல் காப்பகத்துக்குப் போகிறது. அந்தக் காப்பகத்தின் இணையதளமோ 2016-இல் மூடப்பட்டுவிட்டது.

அந்த டிஸ்க்கில் என்ன நடந்தது, எத்தனை பேருக்கு நடந்தது, எந்தக் கணினியில் நடந்தது என்று அந்த வரியை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது. தேவையில்லை என்று தோன்றினாலும் நீக்கக் கைவராது. யாருடைய தரவாவது போய்விட்டால்?

புதிதாக டிரைவர் (சாதனத்தோடு பேசும் கெர்னல் நிரல்) பக்கம் வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். நிரல் பக்கம் பெரும்பாலும் சுலபம். பல சமயம் பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் வேலை முடிந்தது. அந்த ஒரு வரியைப் பத்து வருடம் கழித்து வேறொருவர் படிப்பார், இது இன்னும் வேண்டுமா என்று யோசிப்பார். அவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டுமோ அதை எழுதி வைப்பதில்தான் சிரமம். இந்தக் கட்டுரை முழுக்க அவரை மனதில் வைத்துத்தான் போகிறது.

ஒரு சின்னக் குறிப்பு. கட்டளைகளையும் ஃபிளாக் (நிரலில் ஒரு நடத்தையை இயக்கும் குறி) பெயர்களையும் இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். முனையத்தில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

சமாளிப்பு என்றால் என்ன

ஏடிஏ, ஸ்கசி, என்விஎம்இ என்று ஒவ்வொரு வகைச் சேமிப்பகத்துக்கும் எழுதப்பட்ட விதிகள் உண்டு. டிரைவர் அந்த விதிப்படி பேசும். சாதனம் விதிப்படி பதில் சொல்லாதபோது டிரைவர் செய்கிற விட்டுக்கொடுத்தலைத்தான் கெர்னல்காரர்கள் குவர்க் என்கிறார்கள். நான் சமாளிப்பு என்று சொல்கிறேன்.

எளிய உதாரணம் ஒன்று. ஒரு யுஎஸ்பி டிஸ்க்கிடம் "உன் கொள்ளளவு என்ன?" என்று ஸ்கசி கட்டளையில் கேட்டால், விதிப்படி அது கடைசி பிளாக்கின் எண்ணைச் சொல்ல வேண்டும். எண்ணிக்கை சுழியத்திலிருந்து தொடங்குவதால் மொத்த பிளாக்குகள் அதைவிட ஒன்று கூடுதல். சில சாதனங்களின் ஃபர்ம்வேரை (சாதனத்துக்குள்ளேயே ஓடும் நிரலை) எழுதியவர்கள் இதைத் தவறாகப் படித்துவிட்டு, மொத்த எண்ணிக்கையையே பதிலாக அனுப்பிவிட்டார்கள். டிரைவர் அதோடு ஒன்றைக் கூட்டும். இல்லாத ஒரு பிளாக் முளைத்துவிடும். அதைப் படிக்கப் போனால் பிழை வரும், சில சாதனங்கள் அப்படியே நின்றும் போகும். இதற்கு 'ஃபிக்ஸ் கெப்பாசிட்டி' என்று ஒரு ஃபிளாக் உண்டு. ஆப்பிளின் ஐபாட் மாடல்கள் சில அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

எல்லாம் இவ்வளவு சாதுவானவை இல்லை. 1990-களின் நடுவில் சிஎம்டி640, ஆர்இசட்1000 என்ற இரண்டு ஐடிஇ கட்டுப்பாட்டுச் சில்லுகள் சத்தமே இல்லாமல் தரவைக் கெடுத்தன. பிழைச் செய்தி வராது, கோப்பு மட்டும் கெட்டுப்போயிருக்கும். ஃப்ரீபிஎஸ்டியிலும் இதுபோன்ற பட்டியல்கள் உண்டு. உள்ளே 4096 பைட் செக்டரை வைத்துக்கொண்டு வெளியே 512 என்று சொன்ன வெஸ்டர்ன் டிஜிட்டல் கேவியர் கிரீன் டிஸ்க்குகள் அங்கே இடம்பிடித்திருக்கின்றன.

லினக்ஸில் நீங்கள் போய்ப் பார்க்க வேண்டிய இடங்கள் முக்கியமாக மூன்று. சாட்டாவுக்கு லிப்-ஏடிஏவின் பட்டியல்: மாடல் பெயர், ஃபர்ம்வேர் பதிப்பு, ஃபிளாக்குகள். என்விஎம்இக்கு பிசிஐ அடையாள எண்களை வைத்த அட்டவணை. அதோடு மாடல் பெயரையும் ஃபர்ம்வேரையும் பார்க்கிற இன்னொரு சின்ன அட்டவணை. யுஎஸ்பிக்கு 'அன்யூஷுவல் டெவ்ஸ்' என்ற கோப்பு. யுஏஎஸ் என்ற வேகமான யுஎஸ்பி முறைக்கு அதன் தம்பிபோல இன்னொன்று. ஒரு மாலை நேரம் ஒதுக்கி இந்த மூன்றையும் படித்துவிடுங்கள். எது நல்ல விளக்கம், எது மோசமான விளக்கம் என்று யாரும் சொல்லித்தராமலே புரிந்துவிடும்.

முதலில், குற்றவாளி டிரைவ்தானா?

2015-இல் அல்கோலியா என்ற தேடல் சேவை நிறுவனத்தின் சர்வர்களில் கோப்புகளுக்குள் அங்கங்கே 512 பைட் துண்டுகள் வெறும் சுழியங்களாக மாறின. எந்த இடங்கள் இனி தேவையில்லை என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் டிரிம் கட்டளையோடு தொடர்பு இருப்பதுபோலத் தெரிந்தது. சாம்சங் எஸ்எஸ்டிகளில்தான் நடக்கிறது என்று கண்டுபிடித்து எழுதினார்கள், செய்தி பரவியது. சாம்சங்கின் பொறியாளர்கள் உட்கார்ந்து ஆராய்ந்தபோது தவறு டிரைவில் இல்லை என்று தெரியவந்தது. பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் லினக்ஸின் மென்பொருள் ரெய்டு, டிரிம் கோரிக்கைகளைத் துண்டு போடும் இடத்தில் ஒரு பிழை இருந்தது. தவறான இடத்தை அழிக்கச் சொன்னதே கெர்னல்தான். டிரைவ் சொன்னதைச் செய்தது.

இதில் குழப்பம் என்னவென்றால், அதே காலத்தில் அதே குடும்ப டிரைவ்களில் வரிசை டிரிம் என்ற வேறொரு வகை டிரிம்மில் உண்மையாகவே சிக்கல் இருந்தது. அதற்கான சமாளிப்பும் லிப்-ஏடிஏவில் சேர்ந்தது. அல்கோலியாவின் சர்வர்கள் பயன்படுத்தியதோ சாதாரண டிரிம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

ஆகவே பட்டியலில் கைவைப்பதற்கு முன் கேபிளை மாற்றுங்கள். வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள். வேறு கணினியில் வைத்துப் பாருங்கள். யுஎஸ்பி டிஸ்க்காக இருந்தால் மின்சாரம் போதுமா என்று பாருங்கள். தனி அடாப்டர் உள்ள ஹப் வழியாகச் செருகினால் பலருக்கு அங்கேயே பிரச்சினை தீர்ந்துவிடும். பழைய கெர்னலில் சரியாக ஓடியதா என்றும் பாருங்கள். ஓடியிருந்தால், எந்தக் கமிட்டில் (பதிவான நிரல் மாற்றத்தில்) கெட்டது என்பதை, மாற்றங்களைப் பாதிபாதியாகப் பிரித்துச் சோதிக்கும் கிட் பைசெக்ட் கொண்டு தேடுவதுதான் முதல் வேலை.

நானே ஒரு யுஎஸ்பி பாலச் சில்லை, அதாவது டிஸ்க்கையும் யுஎஸ்பியையும் இணைக்கும் சில்லை, மூன்று நாள் திட்டிக்கொண்டிருந்தேன். அழகாக ஒரு பேட்ச் (நிரல் திருத்தம்) எழுதி, விளக்கமும் எழுதி முடித்தேன். நான்காம் நாள் வேறு வேலைக்காகக் கேபிளை உருவி, கைக்குக் கிடைத்த இன்னொன்றைச் செருகினேன். பிழை போய்விட்டது. அந்தப் பேட்ச்சை நான் அனுப்பியிருந்தால், அதே சில்லு வைத்திருக்கும் அத்தனை பேருடைய டிஸ்க்கும் என் கேபிளுக்காக மெதுவாகியிருக்கும்.

சாட்சியங்களைச் சேகரியுங்கள்

கெர்னல் பதிவை முழுதாக, எழுத்தாகச் சேமியுங்கள். டிமெஸ்ஜி கட்டளை தருவதைக் கோப்பில் போடுங்கள். திரையைக் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பினால் பிற்பாடு யாரும் அதற்குள் தேட முடியாது. பிழை வந்த நான்கு வரிகளை மட்டும் வெட்டி அனுப்புவதும் வேண்டாம். கணினி துவங்கியதிலிருந்து உள்ளது வேண்டும், ஏனென்றால் டிரைவ் தன்னை எப்படி அறிமுகப்படுத்திக்கொண்டது என்பது அங்கேதான் இருக்கும்.

சாட்டா டிரைவுக்கு ஸ்மார்ட்சிடிஎல் கட்டளை மாடலையும் ஃபர்ம்வேர் பதிப்பையும் தரும். என்விஎம்இக்கு என்விஎம்இ ஐடி-சிடிஆர்எல். பிசிஐ எண்களுக்கு எல்எஸ்பிசிஐ, யுஎஸ்பிக்கு எல்எஸ்யுஎஸ்பி. கணினியின் மாடல், பயோஸ் பதிப்பு ஆகியவற்றை டிஎம்ஐடிகோடிலிருந்து எடுங்கள். டிரைவ் சாட்டாவில் இருந்தால் அது எந்தக் கட்டுப்பாட்டுச் சில்லோடு இணைந்திருக்கிறது என்பதையும் மறக்காமல் குறியுங்கள். இது எவ்வளவு முக்கியம் என்பதற்குக் கீழே ஒரு கதை வருகிறது.

அப்புறம், பிழையை வேண்டுமென்றே வரவழைக்க ஒரு வழி வேண்டும். "சில நேரம் நின்றுபோகிறது" என்பது போதாது. "200 ஜிபி கோப்பை நகலெடுத்தால் முதல் அரை மணி நேரத்துக்குள் நிற்கிறது, பத்துத் தடவையில் ஏழு தடவை" என்று எழுதினால், நாளைக்கு அதைச் சரிபார்க்க வருபவர் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். பிழை வராவிட்டால் "வரவில்லை" என்று எப்போது சொல்லலாம் என்பதும் தெரியும்.

நிரலைத் தொடாமல் சோதியுங்கள்

கெர்னலை மறுபடி தொகுக்காமலே பெரும்பாலான சமாளிப்புகளைத் துவக்க வரியில் கொடுத்துப் பார்க்கலாம். சாட்டாவில் லிப்-ஏடிஏ ஃபோர்ஸ் என்ற அளவுருவுக்கு நோஎன்சிக்யூ என்று கொடுத்தால் என்சிக்யூ நின்றுவிடும். முன்னால் போர்ட் எண்ணைச் சேர்த்தால் அந்த ஒரு டிரைவுக்கு மட்டும். யுஎஸ்பியில் யுஎஸ்பி-ஸ்டோரேஜ் குவர்க்ஸ் அளவுருவுக்குத் தயாரிப்பாளர் எண், பொருள் எண், ஓர் எழுத்து. ஜேமைக்ரான் பாலச் சில்லு உள்ள டிஸ்க்கை ராஸ்பெரி பை 4-இல் மாட்டியவர்கள் பலர் 152டி:0578:யு என்ற வரியை எங்காவது பார்த்திருப்பார்கள். கடைசியில் உள்ள யு, யுஏஎஸ் வேண்டாம் என்கிறது.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. நீங்கள் கொடுக்கும் எழுத்துகள், பட்டியலில் அந்தச் சாதனத்துக்கு ஏற்கெனவே உள்ள ஃபிளாக்குகளோடு சேராது. அவற்றின் இடத்தில் உட்கார்ந்துவிடும். ஏற்கெனவே வேறொரு சமாளிப்பு உள்ள சாதனத்துக்கு நீங்கள் யு மட்டும் கொடுத்தால் பழையது காணாமல் போய், புதிதாக ஒரு பிழை முளைக்கலாம். சோதனைக்கு முன் பட்டியலைப் பார்த்துவிட்டு, பழையதையும் சேர்த்தே கொடுங்கள்.

என்விஎம்இ டிரைவ் சும்மா இருந்துவிட்டு எழும்போது காணாமல் போனால், மின்சேமிப்பின் மேல் சந்தேகப்படலாம். டிரைவ் தானாகவே படிப்படியாக ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகும் வசதிக்கு ஏபிஎஸ்டி என்று பெயர். லினக்ஸில் அது 2017-இல் வந்த 4.11 பதிப்பிலிருந்து இருக்கிறது. என்விஎம்இ-கோர் பகுதியின் 'டிஃபால்ட் பிஎஸ் மேக்ஸ் லேட்டன்சி யுஎஸ்' என்ற அளவுருவுக்கு 0 கொடுத்தால் முழுதாக அணையும். பிரச்சினை போய்விட்டதா? அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். அந்த அளவுருவின் இயல்பு மதிப்பு 100000 மைக்ரோவினாடி. ஐடி-சிடிஆர்எல் காட்டும் பட்டியலில் ஒவ்வொரு உறக்க நிலைக்கும் உள்ளே போக, வெளியே வர ஆகும் நேரம் இருக்கும். கடைசி நிலை மட்டும் விலகும்படி ஒரு மதிப்பைக் கொடுத்துப் பாருங்கள். அதுவே போதுமென்றால், உங்களுக்கு வேண்டியது ஆழமான நிலையை மட்டும் தவிர்க்கும் ஃபிளாக். முழு ஏபிஎஸ்டியையும் அணைத்தால் அந்த மடிக்கணினிக்காரரின் பேட்டரி வீணாகும், அவருக்கு ஏன் என்றே தெரியாது.

வலையை எவ்வளவு அகலமாக வீசுவது

என்னைக் கேட்டால் ஒரு சமாளிப்பில் அதிகம் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். எந்தச் சாதனங்களுக்கு இது பொருந்தும் என்று சொல்லும் அந்தப் பொருத்தம். குறுகலாகப் போட்டால் பாதிக்கப்பட்ட பலர் விட்டுப்போவார்கள். அகலமாகப் போட்டால் ஒரு தவறும் செய்யாத டிரைவ்கள் தண்டனை அனுபவிக்கும்.

நன்றாகக் குறுக்கிய ஒன்றைப் பாருங்கள். சீகேட்டின் 1.5 டிபி டிஸ்க், எஸ்டி31500341ஏஎஸ். என்சிக்யூ ஓடிக்கொண்டிருக்கும்போது கேஷைக் காலி செய்யச் சொன்னால் சிக்கிக்கொள்ளும். பட்டியலில் இந்த டிஸ்க் மொத்தமாக இல்லை. எஸ்டி15 முதல் எஸ்டி19 வரை என்று ஃபர்ம்வேர் பதிப்புகளோடு இருக்கிறது. மேலே ஒரே வரி விளக்கம்: சீகேட் என்சிக்யூவும் ஃப்ளஷ் கேஷும் சேர்ந்த ஃபர்ம்வேர் பிழை. கூடவே இன்னொரு ஃபிளாக், பயனரிடம் ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கச் சொல்லி எச்சரிக்கிறது. எது கெட்டது, எதில் கெட்டது, எப்போது இந்த வரிக்கு வேலையில்லை என்பது மூன்றும் அதிலேயே அடங்கிவிட்டது.

சில சமயம் டிரைவை மட்டும் பார்த்தால் போதாது. என்விஎம்இ டிரைவரில் ஒரு சின்னச் செயற்கூறு உண்டு. டிரைவும் கணினியும் சேர்ந்து வரும்போது மட்டும் வரும் பிழைகளைக் கவனிப்பது அதன் வேலை. சாம்சங் எஸ்எம்951, பிஎம்951, 950 புரோ ஆகியவை மிக ஆழ்ந்த உறக்க நிலையில் திடீரென்று பஸ்ஸிலிருந்து (கணினியோடு இணைக்கும் தடத்திலிருந்து) விழுந்துவிடுகின்றன என்றும், ஆனால் டெல்லின் இரண்டு மடிக்கணினி மாடல்களில் மட்டுமே இப்படி நடப்பதாகத் தெரிகிறது என்றும் அங்கே எழுதியிருக்கிறது. நிரலும் அந்த இரண்டு மாடல்களின் பெயரைப் பார்த்த பிறகுதான் ஃபிளாக்கைப் போடுகிறது. கெர்னலில் எனக்குப் பிடித்த விளக்கங்களில் இது ஒன்று. எந்த டிரைவ்களில் கண்ணால் கண்டது என்பதையும், எதை ஊகிக்கிறோம் என்பதையும் கலக்காமல் சொல்கிறது.

யுஎஸ்பியில் வேறு மாதிரி எச்சரிக்கை தேவை. நீங்கள் பார்க்கும் எண்கள் பெரும்பாலும் உள்ளே இருக்கும் பாலச் சில்லின் எண்கள். ஒரே சில்லைப் பல நிறுவனங்கள் பல டப்பாக்களில், வேறு வேறு ஃபர்ம்வேரோடு விற்கும். உங்கள் டப்பாவுக்காக நீங்கள் சேர்க்கும் வரி அவர்கள் எல்லோர் வீட்டிலும் வேலை செய்யும். அன்யூஷுவல் டெவ்ஸில் சாதனப் பதிப்புக்குக் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று இரண்டு இடம் இருக்கிறது. 0000 முதல் 9999 வரை என்று போடுவது சுலபம், நிறையப் பேர் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். நீங்கள் போட்டால், ஏன் என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். "என்னிடம் உள்ளது 0209 மட்டும், மற்றவை தெரியாததால் எல்லாவற்றுக்கும் போட்டிருக்கிறேன்" என்றாலும் சரி. அந்த ஒரு வரி பின்னால் வருபவருக்கு எவ்வளவோ உதவி.

விளக்கத்தை எழுதுவது

இப்போது உண்மையான எழுத்து வேலை. கெர்னலில் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். இங்கே புரிவதற்காகத் தமிழில் காட்டுகிறேன். டிரைவ் கற்பனையானது.

மோசமான விளக்கம்:

"எக்ஸ்100 சரியில்லை, மின்சேமிப்பை அணை."

இதைவிட ஒன்றும் எழுதாமல் விடலாம். நிரலே இதைத்தான் சொல்கிறது.

தேவலாம் என்று சொல்லத்தக்கது:

"எக்ஸ்100, ஃபர்ம்வேர் ஏ12: கணினி பத்து நிமிடம் சும்மா இருந்து, மிக ஆழ்ந்த உறக்க நிலைக்குப் போனபின் டிரைவ் பஸ்ஸிலிருந்து விழுகிறது, கணினியை மறுபடி துவக்கும்வரை திரும்புவதில்லை. இரண்டு மடிக்கணினி மாடல்களில் மூன்று டிரைவ்களில் பார்த்தது. மேசைக்கணினி ஒன்றில் அதே டிரைவ் ஒரு வாரம் ஓடியும் வரவில்லை. ஆழமான நிலையை மட்டும் தவிர்த்தால் போதும். காரணம் தெரியவில்லை. ஏ14-இல் சோதிக்கவில்லை."

கடைசி இரண்டு வாக்கியங்களை எழுதக் கூச்சப்படாதீர்கள். புதியவர்கள் பலர் "தெரியவில்லை" என்று எழுதினால் பேட்ச்சை நிராகரித்துவிடுவார்கள் என்று பயப்படுகிறார்கள். நடைமுறை அப்படி இல்லை. என்விஎம்இ டிரைவரில் 2300 என்று ஓர் எண் இருக்கிறது. குறிப்பிட்ட ஒரு சாதனம் தயாரா என்று கேட்பதற்கு முன் காத்திருக்க வேண்டிய மில்லிவினாடிகள். எந்தச் சாதனத்துக்காக என்று பிசிஐ எண்ணைச் சொல்லிவிட்டு, இந்த மதிப்பு சோதித்துப் பார்த்துக் கண்டடைந்தது என்று விளக்கத்தில் வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். எந்த ஆவணத்திலும் தேடி அலைய வேண்டாம் என்று அடுத்தவருக்கு அதிலேயே புரிந்துவிடுகிறது. அப்படி எழுதாமல் எண்ணை மட்டும் விட்டிருந்தால், அதில் ஏதோ ரகசியம் இருப்பதாக நினைத்து யாராவது ஒரு வாரத்தைத் தொலைத்திருப்பார்கள்.

சொற்களில் கவனம் வேண்டும். வரிசை டிரிம்மை நிறுத்தும் ஃபிளாக்கைச் சேர்த்துவிட்டு "டிரிம் நிறுத்தப்பட்டது" என்று எழுதினால் அது பொய். வரிசை டிரிம் என்பது சாட்டா 3.1-இல் வந்தது, மற்றப் படிப்பு, எழுத்துக் கட்டளைகளோடு சேர்ந்தே வரிசையில் நிற்கும். அதை நிறுத்தினால் பழைய டிரிம் அப்படியே வேலை செய்யும். அதற்கு முன் வரிசையில் உள்ள கட்டளைகள் முடியும்வரை காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் என்சிக்யூவையே நிறுத்தினால் இழப்பு வேறு: 32 கட்டளைகள் வரை ஒரே நேரத்தில் வாங்கி வைத்துக்கொள்ளக்கூடிய டிரைவ், ஒவ்வொன்றாகத்தான் வாங்கும். பயனர் எதை இழக்கிறார் என்பதை ஒரு வரியில் சொல்லுங்கள். அந்த இழப்பு சிறியது என்றால் சமாளிப்பை நீக்க யாரும் அவசரப்பட மாட்டார்கள். பெரியது என்றால் தேடி வருவார்கள்.

இணைப்பு கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். ஃபுஜிட்சுவின் கதைதான் ஞாபகம் இருக்கிறதே, சாரத்தை விளக்கத்திலேயே எழுதிவிட்டு இணைப்பைத் துணைக்கு வையுங்கள். கெர்னலின் சொந்தக் காப்பகத்து முகவரியில் மடலின் அடையாள எண்ணும் இருப்பதால், தளம் இடம் மாறினாலும் அந்த எண்ணை வைத்து மடலைத் தேடிவிடலாம்.

கமிட் செய்தி

நிரலுக்குள் எழுதும் விளக்கம் சுருக்கமாக இருக்கட்டும். நீளமான கதை, பதிவின் பகுதி, சோதித்த கணினிகளின் விவரம், முயன்று பார்த்து உதவாமல் போன வழிகள் எல்லாம் கமிட் செய்திக்குப் போகலாம். ஒரு வரியை எந்தக் கமிட் சேர்த்தது என்று காட்டும் கிட் பிளேம் போட்டு வருபவர் அங்கேதான் வந்து நிற்பார். பிழையைச் சொன்னவர், சோதித்தவர் பெயர்களை அவர்களுக்குரிய குறிகளோடு சேருங்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சேர்ப்பது மரியாதை, ஏனென்றால் அந்த மின்னஞ்சல் முகவரி அழியாமல் நிற்கும். திருத்தங்கள் மட்டும் பெறும் பழைய நிலையான (ஸ்டேபிள்) பதிப்புகளுக்கும் இது போக வேண்டும் என்றால் அதற்கான குறியைப் போடுங்கள். சாதன அடையாளமும் சமாளிப்பும் சேர்க்கும் சின்னப் பேட்ச்கள் அங்கே ஏற்கப்படும் வகைதான்.

அன்யூஷுவல் டெவ்ஸ் கோப்பின் தலையிலேயே என்னென்ன அனுப்ப வேண்டும் என்று எழுதியிருக்கிறது: எண் வரிசை கலையாமல் சேர்ப்பது, வரிக்கு மேலே உங்கள் மின்னஞ்சல் முகவரி, முடிந்தால் காரணம், சாதனம் செருகியிருக்கும்போது கெர்னல் காட்டும் யுஎஸ்பி விவரத்தின் நகல். அதைப் படிக்காமல் அனுப்புபவர்கள் நிறையப் பேர். நீங்கள் படித்துவிட்டு அனுப்புங்கள்.

பயனருக்கும் தெரியட்டும்

நிரலைப் படிக்காதவருக்கும் தன் டிரைவுக்கு என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். அந்த சிஎம்டி640 சில்லுக்கு, 2021-இல் பழைய ஐடிஇ டிரைவர் நீக்கப்படும்வரை கெர்னலில் இருந்த அமைப்பு உதவிக் குறிப்பு இன்றைக்கும் நல்ல பாடம். எந்த வகைத் தாய்ப்பலகைகளில் இந்தச் சில்லு இருக்கும், இதன் வடிவமைப்புப் பிழைகளால் தரவு கெடும், பழைய விஎல்பி பஸ் வைத்திருந்தால் கூடுதலாக எந்த அளவுருவைக் கொடுக்க வேண்டும் என்று சாதாரண ஆளுக்குப் புரியும்படி சொன்னது.

பெயர்களும் ஆவணம்தான். லிப்-ஏடிஏவில் இந்த ஃபிளாக்குகளை வெகுகாலம் ஹார்கேஜ் என்று அழைத்தார்கள். பழைய ஹேக்கர் கொச்சை. புதிதாக வருபவர் குவர்க் என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. 2024-இல்தான் எல்லாவற்றையும் குவர்க் என்று மாற்றினார்கள். அதே சமயத்தில், ஒரு டிரைவுக்கு எந்தெந்தச் சமாளிப்புகள் போடப்பட்டன என்பதைக் கெர்னல் பதிவில் அச்சிடவும் தொடங்கினார்கள். நீங்கள் புதிய ஃபிளாக் உருவாக்கினால், எதைச் செய்கிறது என்பதைப் பெயரிலேயே சொல்லுங்கள். எந்த நிறுவனத்தின் டிரைவுக்காக என்பதைப் பெயரில் வைத்தால், அடுத்த மாதமே வேறு நிறுவனத்தின் டிரைவுக்கு அதே ஃபிளாக் தேவைப்படும்.

எடுக்கும் நாள்

யுஎஸ்பி சேமிப்பக டிரைவரில் ஓர் அழகான ஏற்பாடு உண்டு. பட்டியலில் உள்ள ஒரு சாதனம் செருகப்படும்போது, அந்த வரியில் உள்ள துணை வகுப்பும் நெறிமுறையும் சாதனம் தானே சொல்வதோடு ஒத்துப்போனால், "இந்த வரியில் தேவையில்லாதவை இருக்கின்றன, இந்தச் செய்தியை எங்களுக்கு அனுப்புங்கள்" என்று கெர்னல் பதிவில் எழுதும். பட்டியலே தன்னைச் சுத்தம் செய்ய ஆள் தேடுகிறது.

சில நேரம் வரிகளை எடுப்பதற்குப் பதில் விதியை மாற்ற வேண்டிவரும். என்விஎம்இ டிரைவ்களின் தனி அடையாள எண் உலகத்திலேயே ஒன்றுதான் இருக்க வேண்டும். 2022-இல் கெர்னல் அதைக் கண்டிப்பாகச் சரிபார்க்கத் தொடங்கியதும், மலிவு டிரைவ்கள் பலவும் ஒரே எண்ணோடு வந்து நின்றன. ஒரே மாடலில் இரண்டு வாங்கிப் போட்டவருக்கு இரண்டாவது டிரைவ் தெரியவே இல்லை. 'போகஸ் என்ஐடி' என்ற ஃபிளாக்கோடு வரிக்கு மேல் வரி சேர்ந்துகொண்டே போனது. கடைசியில் 2023-இல், கணினிக்குள் நேரடியாகச் செருகிய சாதாரண பிசிஐஇ டிரைவ் என்றால் எச்சரித்துவிட்டு ஏற்றுக்கொள்ளலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். ஒரே ஃபிளாக்கோடு பத்தாவது வரி சேர்க்கும்போது, கமிட் செய்தியில் அதைச் சொல்லிவிடுங்கள். பராமரிப்பவர் யோசிக்கட்டும்.

எடுத்ததைத் திரும்பப் போடவும் நேரலாம். 2015-இல் "சாம்சங் எஸ்எஸ்டி 8"-இல் தொடங்கும் எல்லா மாடல்களுக்கும் வரிசை டிரிம் நிறுத்தப்பட்டது. 2019-இல் சாம்சங் தந்த தகவலின்பேரில் அந்த வலை 840, 850 வரிசைகளுக்கு மட்டும் என்று குறுகியது, 860-க்கு விடுதலை. ஆனால் இன்டெல், ஏஎஸ்மீடியா, மார்வெல் கட்டுப்பாட்டுச் சில்லுகளில் 860-ஐயும் 870-ஐயும் வைத்திருந்தவர்களிடமிருந்து புகார்கள் நிற்கவில்லை. வரிசை டிரிம்மை நிறுத்தினால் பிரச்சினை போகிறது என்று எல்லோரும் சொன்னார்கள். 2021-இல் இரண்டும் பட்டியலுக்குத் திரும்பின. ஏஎம்டி சில்லுகளில் நிலைமை இன்னும் மோசம், என்சிக்யூவையே நிறுத்தினால்தான் சரியாகிறது என்பதால், ஏடிஐ (ஏஎம்டி வாங்கிய நிறுவனம்) எண் கொண்ட கட்டுப்பாட்டுச் சில்லோடு இந்த டிரைவ்கள் சேர்ந்தால் மட்டும் வேலை செய்யும் தனி ஃபிளாக் ஒன்றும் வந்தது.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும்? 2021-ஆம் வருடத்து கமிட் செய்தி, 2019-ஆம் வருடத்து கமிட்டின் எண்ணைச் சொல்லி, அது எதை எந்த ஆதாரத்தில் மாற்றியது, அதன் பின் என்ன தெரியவந்தது, எந்தெந்தச் சில்லுகளில் என்று வரிசையாக எழுதியிருக்கிறது. ஏஎம்டி விஷயம் தனிப் பேட்ச்சில் வரும் என்பதுகூட அதில் இருக்கிறது. நீங்கள் ஒரு வரியை எடுக்கும்போதும் திரும்பப் போடும்போதும் இதை மாதிரியாக வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. சோதனைக்குப் பயன்படுத்திய டிரைவைப் பழைய சாமான்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். மேலே ஒரு துண்டுத்தாளில் மாடல், ஃபர்ம்வேர் பதிப்பு, கமிட் எண், பிழையை வரவழைக்கும் கட்டளை ஆகியவற்றை எழுதி ஒட்டி, மேசை இழுப்பறையில் போட்டு வையுங்கள். ஃபர்ம்வேரை மட்டும் புதுப்பித்துவிடாதீர்கள்.